வெள்ளைக் குதிரைக் கோயிலும் சம்பந்தி வீட்டு உப்பும்

சீனாவுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் ஊஸ்டரிலிருந்து என் மச்சாள் தொலைபேசி எடுத்தார். என் கணவரின் தமக்கை. சுவிஸில் நடக்கும் தமிழ்க் கலியாணங்களில் பாதியாவது தன் கை பட்டுத்தான் நடக்கின்றன என்று நம்புகிறவர்.

"எடி யோகா, ஒண்டு மட்டும் சொல்லுறன் கேள். அங்க போய்க் கை நனைச்சுப் போடாத."

"ஓம் மச்சாள்."

"தேத்தண்ணி குடி. பழம் சாப்பிடு. உப்புப் பட்டது ஒண்டும் வாயில வையாத. வைச்சியெண்டால் பிறகு இல்லையெண்டு சொல்ல வாய் வராது."

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிவாகும் வரைக்கும் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டுக் கை கழுவினால் சம்மதம் என்று அர்த்தம். ஆனால் நான் போகவிருந்த வீடு லுவோயாங் நகரத்தில் இருந்தது. அங்கே இது யாருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மச்சாளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

என் மகள் மதுரா சுவிஸில், பேர்ண் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். வெய் என்ற பொடியன் அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தபோது அவளுக்குப் பழக்கம். படிப்பு முடிந்து இப்போது அவனுக்குச் சொந்த ஊரான லுவோயாங்கிலேயே படிப்பிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. கலியாணம் என்றால் மதுராவும் அங்கே போக வேண்டும். "அம்மா, நீங்க வந்து பாருங்கோ. உங்களுக்கு மனமில்லை எண்டால் நான் செய்யமாட்டன்" என்றாள். என் கணவரோ, "எனக்கு லீவு இல்லை. நீ போய்ப் பாத்திட்டு வா. நீ ஓம் எண்டால் எனக்கும் ஓம். அங்கயிருந்து வெளிக்கிட முதல் சொல்லிப்போடு" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு சோபாவின் நிறத்தைக்கூட நான் தீர்மானித்ததில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு கலியாணத்தைத் தூக்கிக் கொடுத்து விமானம் ஏற்றினார்கள்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்குப் பயத்தைவிட ஆசைதான் கூட இருந்தது. பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் இருந்து ஸ்பிடால், அதாவது ஆஸ்பத்திரிக் குசினிக்கு வேலைக்குப் போய் வருகிற ஆளுக்கு, மலையைக் குடைந்து செய்த புத்தரைப் பார்க்கிற யோகம் வேறு எப்படி வரும்?

வெள்ளிக்கிழமை காலை லோங்மென் குகைகளுக்குப் போனோம். வெய்யும் அவன் தாயும் விடுதி வாசலுக்கு வந்து என்னையும் மதுராவையும் கூட்டிப் போனார்கள். வெய்யின் அம்மா என்னைவிடக் கட்டை. ஊதா நிறக் குளிர்ச்சட்டை. நெடுங்காலம் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். அந்தக் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. சனக்கூட்டத்துக்கு நடுவில் அவர் ஏதோ சொன்னால் சம்பந்தமில்லாத மூன்று பேர் திரும்பிப் பார்த்து வழிவிட்டார்கள்.

ஒரு ஆறு. அதன் கரையில் நீளமான பாறை மலை. அந்த மலை முழுக்கத் தேன்கூடு போல ஓட்டைகள். கிட்டப் போனால் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு புத்தர். ஆள் உயரப் புத்தர், விரல் உயரப் புத்தர். ஒரு குகைக்குள் சுவரெல்லாம் கடுகு தூவியது போலச் சின்னப் புத்தர்கள். நான் "பாருங்கோ, பாருங்கோ" என்று யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டு போனேன். பலவற்றுக்குத் தலை இல்லை. யாரோ எந்தக் காலத்திலோ வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். தலை இல்லாவிட்டாலும் கை அப்படியே அபயம் காட்டுகிறது.

ஏப்ரல் மாதம், பியோனிப் பூக்காலம். ஊருக்குள் எங்கே பார்த்தாலும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூக்கள். அதைவிடக் கூடுதலாக, பழங்கால ராணிகள் போல உடுத்து, நெற்றியில் பொட்டு ஒட்டி, குடை பிடித்துப் படம் எடுக்கும் இளம் பெண்கள். உடுப்பு வாடகைக்குக் கிடைக்கும் என்றான் வெய். சுவிஸில் பொட்டு வைத்துக்கொண்டு டிராமில் ஏறினால் நான் யன்னல் பக்கம் திரும்பி நிற்பேன். இங்கே ஒரு பெண் என் பொட்டைப் பார்த்து, தன் பொட்டைத் தொட்டுக்காட்டி, கட்டைவிரலை உயர்த்தினாள். அன்று முழுக்க எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

பெரிய புத்தர் படிகளுக்கு மேலே, திறந்த வெளியில் இருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். மெல்லிய சிரிப்பு. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் பார்க்கிற கண். பக்கத்தில் ஒரு காவல் தெய்வம் காலுக்குக் கீழே குள்ளன் ஒருவனை மிதித்துக்கொண்டு நிற்கிறது. "மதுரா, இஞ்ச பார், முயலகன்!" என்றேன். நடராசரின் காலடியில் கிடக்கிறவன் இவ்வளவு தூரம் வந்து கிடக்கிறானே என்று எனக்கு ஒரே புளகாங்கிதம்.

அந்தப் பரவசத்தில் ஒரு வேலை பார்த்தேன். படியேறுவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறியிருக்கிறேன். கோயில் என்றால் கை தானாகக் குனிந்து கழற்றிவிடுகிறது. கும்பிட்டு இறங்கி வந்தால் சப்பாத்து இல்லை. ஆயிரக்கணக்கான சனம் சப்பாத்தோடு ஏறி இறங்குகிறது. நான் மட்டும் காலுறையோடு நிற்கிறேன். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஏதோ அறிவித்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வெய்யோடு பழகிச் சீன மொழி ஓரளவு பிடித்திருந்த மதுரா எனக்குச் சொன்னாள்: "யாரோ ஒரு பெண்மணி சப்பாத்தை விட்டிட்டுப் போட்டாவாம். அவ இன்னும் காலோட இருந்தால் அலுவலகத்துக்கு வந்து எடுக்கட்டாம்."

"நீ சும்மா சொல்லுறாய்."

"எஹ்ட், அம்மா. மெய்யா அப்பிடித்தான் சொல்லுறாங்கள்."

நான் வெட்கத்தில் கல்லோடு கல்லாகிவிட்டேன். வெய்யின் அம்மா தன் கழுத்துச் சால்வையை எடுத்து என் காலடியில் விரித்து, அதன் மேல் நிற்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்குள் அவர் குரல் கேட்டது. பிறகு என் சப்பாத்துகள் அவர் தலைக்கு மேல் உயர்ந்து வந்தன.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனோம். மாடிக் குடியிருப்பு, லிஃப்ட் இல்லை. வெய்யின் அப்பா மெலிந்தவர், அதிகம் பேசாதவர். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மேசையில் இடமில்லாமல் சாப்பாடு. ஆவி பறக்கும் கொழுக்கட்டைகள், வறுத்த கத்தரிக்காய், தாமரைக் கிழங்கு, வெள்ளை முள்ளங்கியைப் பூப்போலச் சீவிப் போட்ட சூப். எல்லாம் சைவம். எனக்காகவே செய்ததாம்.

எனக்கு வாய் ஊறியது. மச்சாளின் குரல் காதுக்குள் கேட்டது.

"எனக்கு வெள்ளிக்கிழமை விரதம்" என்றேன். மதுரா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் நான் சைவமாக மூன்று நேரமும் நன்றாகச் சாப்பிடுவது அவளுக்குத் தெரியும். ஆனாலும் மொழிபெயர்த்துச் சொன்னாள். வெய்யின் அம்மா எழுந்து போய்ச் சுடுதண்ணீரும் தட்டில் வால்நட்டும் கொண்டு வந்து வைத்தார். வால்நட்டில் உப்பு இல்லை. ஒன்றை எடுத்துக் கடித்தேன். அவருடைய முகம் மலர்ந்தது. நான் இன்னும் இரண்டு எடுத்தேன்.

சனிக்கிழமை வெள்ளைக் குதிரைக் கோயில். வாசலில் இரண்டு கல் குதிரைகள் தலை குனிந்து நிற்கின்றன. பழைய காலத்தில் இந்தியாவிலிருந்து இரண்டு துறவிகள் வெள்ளைக் குதிரையில் ஏடுகளை ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். அரசன் அவர்களுக்காகக் கட்டிய கோயிலாம். அவர்கள் ஊர் திரும்பவில்லை. இருவரின் சமாதியும் கோயிலுக்குள்ளேயே, பக்கத்துக்கு ஒன்றாக, புல் முளைத்த வட்ட மேடுகளாக இருக்கின்றன.

"இவைக்கு இஞ்ச இருக்க என்ன பெர்மிட் குடுத்திருப்பாங்கள்?" என்று மதுராவிடம் கேட்டேன்.

"பீ பெர்மிட்தான். வேலையோட வந்தவைக்கு உடன குடுக்கிறது."

"நாங்களும் சுவிஸுக்கு வந்த நேரம் குதிரையோட வந்திருக்க வேணும்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த துறவி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

கோயில் வளவில் இந்தியப் பாணியில் கட்டிய மண்டபம் ஒன்றும் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு குடும்பம் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தியாவா என்று கேட்டார்கள். பிறந்தது இலங்கை, இருப்பது சுவிஸ் என்று மதுரா சொன்னாள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை வெய் எனக்கு ஜெர்மனில் சொன்னான்: "சுவிஸ்காரர் எல்லோரும் வெள்ளை என்று நினைத்தோம், சொக்லேற் கொண்டு வந்திருப்பாரா என்று கேட்கிறார்கள்." கைப்பையில் இருந்தது. கொடுத்தேன். பிறகு அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் படம்.

மதியம் கோயில் அன்னதான மண்டபத்தில் சாப்பிட்டோம். நீளமான மேசைகள். யாரும் கதைக்கக் கூடாது. தொண்டர்கள் வாளியோடு வரிசையாக வருவார்கள். வேண்டுமென்றால் கிண்ணத்தைத் தள்ளி வைக்க வேண்டும், போதுமென்றால் கிட்ட இழுக்க வேண்டும். பேசவே தேவையில்லாத பந்தி! எனக்கென்றே கண்டுபிடித்தது போல இருந்தது. சோறு, முட்டைக்கோவா, சோயாக்கட்டி, காளான் குழம்பு. கோயில் சாப்பாடு, சம்பந்தி வீட்டுச் சாப்பாடு அல்ல. நான் கிண்ணத்தைத் தள்ளினேன், இன்னும் ஒருமுறை தள்ளினேன், பிறகும் தள்ளினேன். நிமிர்ந்தபோது எதிரே இருந்த வெய்யின் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரதக்காரி மூன்று கிண்ணம் முடித்திருந்தேன்.

திரும்பும்போது பேருந்துத் தரிப்பில் பூப் பார்க்க வந்த சனமெல்லாம் நின்றது. பேருந்து வந்தது. வெய்யின் அம்மா முழங்கையால் வழி வெட்டினார். மதுராவும் வெய்யும் உள்ளே போய்விட்டார்கள். நான் ஒரு கிழவருக்கு வழிவிட்டேன், அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் விட்டேன். என்னை இழுக்க வெய்யின் அம்மா ஒரு அடி கீழே இறங்கினார். கதவு மூடிக்கொண்டது. யன்னலுக்குள் மதுராவின் வாய் "அம்மா" என்று அசைவது தெரிந்தது. பேருந்து போய்விட்டது.

ஆயுள் முழுக்கப் பேருந்தில் வேலை செய்தவரைப் பேருந்து விட்டுவிட்டுப் போய்விட்டது. அவர் அதன் பின்பக்கத்தைப் பார்த்துச் சொன்னவற்றுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பிறகு தன் தொலைபேசியை எடுத்து அதற்குள் பேசினார். அது தமிழில் பேசியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்தி வாசிப்பவர் போன்ற ஆண் குரல்: "தாங்கள் அஞ்ச வேண்டாம். நான் தங்களுடன் இருக்கிறேன்."

மின்கலத்தில் ஓடும் முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்தார். பின்னால் தகரப் பெட்டி, அதற்குள் இரண்டு பேருக்கு ஒரு பலகை. குலுங்கக் குலுங்க இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டோம். பாதி வழியில் வண்டி முனகி நின்றது. சாரதி இறங்கி வந்து, வெட்கமே இல்லாமல், தள்ளச் சொல்லிக் கை காட்டினார். சுவிஸில் ரயில் கொஞ்சம் தாமதமானாலே ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே நாங்கள் இருவரும் பின்னால் நின்று தள்ள, சாரதி முன்னால் இருந்து திசை பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் சிரிப்பைப் பார்த்து வெய்யின் அம்மாவும் சிரிக்க, வண்டி சரியாமல் நின்றது அதிசயம். மொழி இல்லாத ஒருவரோடு இப்படிச் சிரித்து எனக்கு ஞாபகமில்லை. மொழி உள்ளவர்களோடும்தான்.

மின்கலம் மாற்றுகிற கடையருகே ஒரு தள்ளுவண்டி. தகட்டில் மாவை ஊற்றி, மேலே முட்டை உடைத்து, வெங்காயத்தாளும் மிளகாய்க் கூழும் பூசி மடித்துக் கொடுத்தார்கள். பசி. தெருச் சாப்பாடு, வீட்டுச் சாப்பாடு அல்ல. ஊதி ஊதிச் சாப்பிட்டேன், விரலையும் நக்கினேன். வெய்யின் அம்மா தன்னுடையதைச் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டு நான் சாப்பிடுவதைப் பார்த்தார். அப்போது அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு அவர் கையால் இழுத்த நூடில்ஸ் செய்திருந்தார். "சனி விரதம்" என்றேன். என் முன்னால் வைத்த கிண்ணத்தை அவர் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். சுடுதண்ணீர் வந்தது. வால்நட் இந்த முறை ஒரு பை நிறைய வந்தது. கதவு இடைவெளியால் பார்த்தேன். அவர் நின்றபடியே என் கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்துச் சுவைத்தார். யோசித்தார். இன்னொரு வாய் சுவைத்தார்.

ஸ்பிடால் குசினியில் என் வேலை, தட்டுகளை மூடி மேலே அனுப்புவதும் திரும்பி வருகிறவற்றைப் பிரிப்பதும். தொடாமல் திரும்பும் தட்டு வந்தால் எங்கள் சமையல்காரர் அதைத் திறந்து பார்ப்பார். கரண்டி எடுத்து ஒரு வாய் சுவைப்பார், நின்று யோசிப்பார். நோயாளிக்குப் பசியில்லாமல் இருந்திருக்கும், ஊசி போட்டிருப்பார்கள், அழுதிருப்பார். சமையல்காரருக்கு அது தெரியாது. தன் கையில் பிழை தேடுவார். அந்த முகத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான் அந்த முகத்துக்குக் காரணமாக இருந்தது இதுதான் முதல் தடவை.

இதை விளக்கிச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எப்படிச் சொல்வது? "உங்கள் வீட்டை நான் இன்னும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் சாப்பிடுகிறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கு அது சமம். பந்தியில் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவள் நான்.

விடுதிக்கு வந்து மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மச்சாள், நாளைக்கு மலைக்குப் போறம். அங்க அவை சாப்பாடு கொண்டு வந்தால்? மலை அவையின்ர வீடு இல்லைத்தானே."

"ஆரின்ர அடுப்பில வெந்தது?"

"அவையின்ர."

"பிறகென்ன மலையும் மண்ணாங்கட்டியும்? உப்பு எங்க போனாலும் உப்புத்தான்."

"நாளைக்கு ஞாயிறு மச்சாள். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன விரதம் சொல்லுறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வயித்துக் குத்து எண்டு சொல்லு."

ஞாயிறு விடியவே லாவோஜுன் மலைக்குப் புறப்பட்டோம். வெய்யின் அப்பா கார் ஓட்டினார். வெய்யின் அம்மா முன்னால். பின்னால் நாங்கள் மூவரும். மலைப்பாதை வளையத் தொடங்கியதும் நான் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டேன். நான் உறங்குவதாக நினைத்து வெய்யும் மதுராவும் பேர்ண் ஜெர்மனில் மெல்லக் கதைத்தார்கள். அவன் தாய்க்கும் தகப்பனுக்கும் அது விளங்காது. எனக்கு விளங்கும்.

"தன்னுடைய சமையலில் என்ன குறை என்று அம்மா கேட்கிறார்" என்றான் வெய்.

"குறை ஒன்றுமில்லை. என் அம்மா கூச்சக்காரி."

"கோயிலில் மூன்று கிண்ணம் சாப்பிட்டார். தெருவில் ரொட்டி சாப்பிட்டார். எங்கள் வீட்டில் மட்டும் வால்நட். விருப்பமில்லையென்றால் இல்லையென்று சொல்லலாம். அம்மா என்ன சொன்னார் தெரியுமா? மதுராவின் அம்மா இல்லையென்று சொல்லிவிட்டார், மரியாதைக்காக வாயால் சொல்லவில்லை, நீங்கள் இனி அவரை வற்புறுத்தக் கூடாது என்று."

"அப்படியென்றால் அப்படித்தான்" என்றாள் மதுரா. அந்தக் குரலில் அவள் கதைத்து நான் கேட்டதில்லை.

கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. நான் இன்னும் ஓம் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. ஆனால் என் வாய் மூன்று நாளாக மூடியிருந்தே எல்லோருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டிருக்கிறது.

கேபிள் காரில் ஏறினோம். எங்கள் நாட்டுக் கேபிள் காரில் ஆட்கள் மலையைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருப்பார்கள். இங்கே பாட்டு, சூரியகாந்தி விதை, மடியில் ஊதுபத்திக் கட்டு. சுவிஸ் மலைகளை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அழகுதான், ஆனால் யாரும் அவற்றைக் கும்பிடுவதில்லை. இங்கே மலையே சாமி. இறங்கிய இடத்திலிருந்து பாறையின் பக்கவாட்டில் இரும்பு அடித்துப் பலகை போட்டது போலப் பாதை. ஒரு பக்கம் கல், மறுபக்கம் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை மூடுபனி. நான் கல்லோடு ஒட்டி நடந்தேன். வெய்யின் அம்மா பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறங்குமிடம் வரும் வரைக்கும் பயணியை விடாத பிடி.

உச்சியில் பொன்னிறக் கூரைக் கோயில்கள் இருக்கின்றன என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது பனி மட்டும். ஊதுபத்தி மணக்கிறது, மணி கேட்கிறது, ஒன்றும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான சனம் பனிக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. திடீரென்று காற்று ஒன்று அடித்தது. கோயிலில் தீபாராதனைக்குத் திரை விலகுமே, அப்படி விலகியது. முதலில் ஒரு கூரை முனை. பிறகு முழுக் கோயில். பிறகு அதற்கு அப்பால் இன்னொன்று, பாறை நுனியில், வெயில் பட்டுத் தகதகவென்று. கீழே முகில். சனம் "ஓ" என்றது. நான் என்னை அறியாமல் "அரோகரா" என்று கத்திவிட்டேன். ஆம், நான்தான். வாய்விட்டு. மதுரா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். வெய்யின் அம்மாவோ அது இங்கே சொல்ல வேண்டிய சொல் என்று எடுத்துக்கொண்டு, தன் கண்டக்டர் குரலில் "ஆரோகாரா" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சொன்னார்கள்.

உள்ளே வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர்தான் தெய்வம். எருதின் மேல் ஏறி வந்தவராம். வெய்யின் அம்மா ஊதுபத்தியை நெற்றிக்கு உயர்த்தி ஒவ்வொரு திசைக்கும் வணங்கினார். நானும் அவருக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். என்ன கேட்பது என்று தெரியாததால் வெறுமனே கும்பிட்டேன்.

வெளியே படியில் இருந்து அவர் பையைத் திறந்தார். மற்றவர்களுக்கு அவித்த பணியாரம். எனக்கு ஒரு டப்பா. வயிற்றுக் குத்து என்று சொல்ல வாயெடுத்தேன். டப்பாவுக்குள் வால்நட், உடைத்து, தோல் நீக்கி, பருப்பு உடையாமல் முழுசு முழுசாக. அவருடைய பெருவிரல் நகத்தடியில் புதுக் கீறல்.

பிறகு தொலைபேசியை எடுத்து நீளமாக ஏதோ பேசினார். செய்தி வாசிப்பவர் தமிழில் சொன்னார்:

"தாங்கள் எங்கள் உணவை விரும்பவில்லை. அது பரவாயில்லை. ஆயினும் நான் ஒன்றைக் கூற விழைகிறேன். தங்கள் மகள் இங்கு வந்தால் ஒருபோதும் பசியுடன் இருக்க மாட்டாள்."

நான் சுவிஸுக்கு வந்தபோது என்னை அனுப்பியவர்களுக்கு இந்த வாக்கை யாரும் கொடுக்கவில்லை. நான் பசியோடு இருந்த நாட்களும் உண்டு.

தொலைபேசியை என் பக்கம் நீட்டினார். பதில் சொல்ல வாய் திறந்தேன். அரோகரா சொன்ன வாய்க்கு ஓம் என்ற சொல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை எப்படி எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியை அணைத்துப் பையில் போட்டார்.

அடுத்த நாள் மாலை கடைசிச் சந்திப்பு. வீட்டுப் படியேறும்போதே புளித்த வாசனை. பயற்றை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிட்ட நீரில் நூடில்ஸ் போட்டுக் காய்ச்சுகிற ஒரு வகை. இந்த ஊர்ச் சாப்பாடு, நாங்கள் வருவதற்கு முன்பே புளிக்க வைத்தது என்றான் வெய். நிலக்கடலை, சோயா, தாளித்த மிளகாய். பக்கத்தில் கையால் தட்டிச் சுட்ட ரொட்டி.

நான்கு பேருக்குக் கிண்ணங்கள் வைத்திருந்தது. என் இடத்தில் சுடுதண்ணீரும் வால்நட்டும். அவர் இந்த முறை என்னைக் கேட்கவில்லை. மதுரா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன். குசினிக்குள் போனேன். அவரும் பதறிப் பின்னால் வந்தார். தட்டு அடுக்கியிருந்த இடத்தில் ஒரு கிண்ணத்தை எடுத்தேன். அன்னதான மண்டபத்தில் செய்தது போலவே, அதை அடுப்புப் பக்கம் தள்ளி வைத்தேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அகப்பையை எடுத்தார். விளிம்பு வரைக்கும் ஊற்றினார்.

மேசைக்கு வந்து இருந்தேன். ரொட்டியைப் பிய்த்து, கையாலேயே அந்தப் புளிக்கஞ்சிக்குள் தோய்த்து எடுத்து வாயில் வைத்தேன். புளிப்பு, உறைப்பு, உப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்தான் பாதிக் காரணம். யாரும் சாப்பிடவில்லை. எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடியும் தள்ளினேன். வெய்யின் அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

"அம்மா," என்றாள் மதுரா, "விரதம் முடிஞ்சுதோ?"

"ஓம். முடிஞ்சுது. கொப்பாவுக்குப் போன் எடுத்துத் தா."

பேர்ணில் அப்போது மதியம். வேலையிடத்தில் நின்று என் கணவர் எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, நான் கை நனைச்சிட்டன்" என்றேன்.

அவர் வேலையிடத்துச் சத்தத்திலிருந்து வெளியே வந்து கதவைச் சாத்துவது கேட்டது.

"உப்புப் போதுமோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன். "பரவாயில்லை."